கிப்ஸ் கையில் மூன்று பந்து

1999 ஜூன் மாதம், லீட்ஸில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் ஸ்டீவ் வா கொடுத்த லட்டு கேட்சை தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ் பிடித்தார். பிடித்த வேகத்தில் கொண்டாட மேலே வீசப் போய் நழுவவிட்டார். 56-ல் தப்பிய ஸ்டீவ் வா, கடைசிவரை அவுட் ஆகாமல் 120 அடித்து ஆஸ்திரேலியாவை ஜெயிக்க வைத்தார்.

அதே வாரம் தண்டையார்பேட்டையில், எங்கள் தெருமுனை மேட்ச்சில், நானும் ஒரு கேட்சை விட்டேன். கிப்ஸாவது பிடித்துவிட்டுத்தான் விட்டார். என் பந்து கையைத் தொடவே இல்லை, நேராக நெற்றிக்கு வந்தது. அன்றோடு பெற்றோர் வைத்த பெயர் போய் நான் கிப்ஸ் ஆனேன். என் கல்யாண பேனரிலும் பசங்கள் அதைத்தான் போட்டார்கள். பெண் வீட்டார் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்பிள்ளை கிறிஸ்டியனா?” என்று விசாரித்தார்களாம்.

பிறகு நான் நிரந்தர அம்பயர். சாவி, பால் பாக்கெட் என்று யார் எதைத் தூக்கிப் போட்டாலும் ஒதுங்கி நின்று, அது கீழே விழுந்தபின் குனிந்து எடுத்துக்கொள்வேன். ஓட்டைக் கை, அவ்வளவுதான். இப்படியே 42 வயதாகிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த வஞ்சிரத்துக்காக வைத்திருந்த மூன்று எலுமிச்சம்பழத்தை எடுத்து அக்கா மகன் சமையலறையில் ஜக்லிங் செய்துகொண்டிருந்தான். மூன்றும் காற்றில் எட்டு போட்டுக்கொண்டு ஓடின.

“நீயும் பண்லாம் மாமா.”

“என் கையப் பத்தி உனக்குத் தெரியாதுடா.”

“கேட்ச்ச வுடு மாமா. ஒழுங்கா போட்டா அதுவா கையில வந்து உக்காரும்.”

எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. இத்தனை வருடமாக நான் பிடிக்கத் தெரியாதவன் என்றல்லவா பிழைப்பு நடத்துகிறேன்! உடனே வயதைக் காரணம் காட்டினேன். அவன் ஃபோனை நீட்டினான். ஜெர்மனியில் சிலருக்கு மூன்று மாதம் ஜக்லிங் பழக்கி மூளையை ஸ்கேன் எடுத்தார்களாம். அசைவதைக் கண்ணால் தொடரும் பகுதி சற்றுத் தடித்திருந்ததாம். நேச்சர் இதழில் 2004-ல் வந்தது. ‘அதெல்லாம் சின்னப் பசங்க’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் 2008-ல் வந்த இன்னொன்றைக் காட்டினான். அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 60. இளசுகள் அளவுக்கு வரவில்லையாம், ஆனால் மூளை அவர்களுக்கும் மாறியிருக்கிறது. தப்பிக்க வழியில்லை.

சரி என்று மகளின் பழைய சாக்ஸ் மூன்றில் ரேஷன் அரிசியை நிரப்பி முடிந்துகொண்டேன். ஒவ்வொன்றும் 120 கிராம். ரப்பர் பந்து என்றால் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும், இது விழுந்த இடத்திலேயே கிடக்கும். “பொங்கித் தின்ற அரிசிய...” என்று மனைவி ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

ஒரு பந்து சுலபம். வலக்கையிலிருந்து கண் உயரத்துக்கு எழுந்து, வளைந்து, இடக்கையில் இறங்க வேண்டும். இரண்டாவது பந்தில்தான் என் லட்சணம் தெரிந்தது. முதல் பந்து உச்சிக்குப் போய்த் திரும்பும்போது, இடக்கையில் இருப்பதை அதன் அடியால் மேலே போட வேண்டும். என் இடக்கையோ போடாது. ஹோட்டலில் சாம்பார் வாளியை நகர்த்துவதுபோல் வலக்கைக்குப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் தப்பு இது என்றான் மருமகன். ஆறு நாள் அந்தச் சாம்பார் வாளி என்னை விடவில்லை. அதைச் சரிசெய்தால் பந்துகள் முன்னால் பறந்தன, நான் பின்னாலேயே ஓடி பீரோவில் முட்டினேன். கட்டிலை ஒட்டி நில், முன்னால் போட்டால் கட்டிலில்தான் விழும், குனிகிற வேலையும் மிச்சம் என்றான். ஆனால் நான் போட்டவை கட்டிலைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தன. கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து, “ராத்திரி பத்து மணிக்கு இன்னா தம்பி மாவா இடிக்கிறீங்க?” என்றார்.

அம்மா சீரியலில் இருந்து கண்ணை எடுக்காமல் பத்து நாளாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விளம்பர இடைவேளையில் எழுந்து போய், பூந்தொட்டியிலிருந்து ஐந்து கூழாங்கல் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். எழுபத்தொரு வயது. ஒரு கல்லை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் மற்ற நான்கையும் வாரி, அதையும் பிடித்தாள். அஞ்சாங்கல்.

“நா எங்க பாத்தேன் சொல்லு.”

“மேல.”

“நீ எங்கடா பாக்குற?”

நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிடமும் துரோகம் செய்துவிடும் என்று 1999-லிருந்து அதைத்தான் காவல் காக்கிறேன்.

மேலே பார்த்துப் போட்டேன். வலது, இடது, வலது. மூன்றும் கைக்கு வந்தன. அடுத்த முறை ஏழு. அதற்கடுத்த முறை ஒரு முடிச்சு அவிழ்ந்து 120 கிராம் அரிசியும் என் தலையில் அட்சதையாகப் பொழிந்தது. அன்று மனைவி வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தாள்.

மூன்றாவது வாரம் நாற்பது தாண்டியது. டீக்கடையில் மூன்று பன்னை எடுத்துச் செய்து காட்டினேன். மாஸ்டர் கைதட்டிவிட்டு மூன்றுக்கும் காசு வாங்கிக்கொண்டார். அன்று பன் நன்றாகவே இருந்தது.

அந்தத் தெம்பில்தான், போன ஞாயிறு பசங்கள் ஓர் ஆள் குறைகிறது என்றபோது, அம்பயர் வேலையை விட்டு ஃபீல்டிங் நின்றேன். மூன்றாவது ஓவரில் டென்னிஸ் பால் ஒன்று உயரமாக எழுந்து என்னை நோக்கி வந்தது. மேலே பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்தது!

ஆனால் மூன்று வாரமாக என் கைக்குச் சொல்லிவைத்திருந்தது வேறு. வந்ததை வைத்துக்கொள்ளாதே, உடனே போடு. வலக்கை போட்டது, இடக்கை வாங்கிப் போட்டது, திரும்ப வலக்கை போட்டது. இல்லாத மற்ற இரண்டு பந்துக்கும் இடம் விட்டு, தாளம் தப்பாமல் அது போட்ட அந்தப் பந்து நேராகச் சாக்கடைக்குள் போனது.

அவுட்டா இல்லையா என்று ஒரே சண்டை. கடைசியில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள், தெருவில் விதி தெரிந்த ஆள் நான்தானே. பந்தும் உடம்பும் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் அது கேட்ச். நாட் அவுட் என்று நானே சொன்னேன்.

டீக்கடை பெஞ்சிலிருந்து, எனக்கு அந்தப் பெயரை வைத்தவன் கத்தினான்: “கிப்ஸு! இப்பதான்டா பேரு கரெக்டா பொருந்துது!”