ஏற்காட்டு ஏற்றத்தில் நழுவிய கிளட்ச்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். போன மாதம் ஏழாவது வளைவிலேயே என் 150 சிசி வண்டி திணறியது. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக எஞ்சின் அலறியதே தவிர, வண்டி ஏறவில்லை. கருகல் வாடையை முதலில் உணர்ந்தவர் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிதான்.

மறுநாள் சமதளச் சாலையில் சோதித்தேன். ஐந்தாவது கியரில் 40 கிமீ வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினேன். வேகமானி முள் அசையும் முன்பே எஞ்சின் சுழற்சி முள் துள்ளி ஏறிவிட்டது. எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிடி தராமல் நழுவுகிறது, ஐயமில்லை.

தெரு முனை மெக்கானிக் அண்ணன், "கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும் தம்பி, மாற்றிவிடலாம்" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால் நானே இறங்கினேன்.

முதலில் கேபிள். கிளட்ச் பிடியின் நுனியில், கேபிள் இழுபடும் முன், 10 முதல் 15 மிமீ வரை வெற்றாக அசையும் தளர்வு இருக்க வேண்டும். என் வண்டியில் துளியும் இல்லை. கோடையில் புது கேபிள் மாட்டியபோது, பிடியைத் தொட்டாலே கிளட்ச் விடுபட வேண்டும் என்று நான்தான் முறுக்கி வைத்தேன். பிடியை எந்நேரமும் லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டியதற்குச் சமம் அது. தளர்த்தியதும் சமதளத்தில் சரியாயிற்று. ஏற்றத்தில் மட்டும் இன்னும் நழுவியது.

அடுத்த சந்தேகம் ஆயில். பெரும்பாலான பைக்குகளின் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடப்பது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் பிளேட்டுகள் வழுக்கலாம். பழைய டப்பாவைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: ஜாசோ எம்ஏ2 என்றிருந்தது, அதாவது ஆயிலில் மூழ்கிய பைக் கிளட்சுக்கு ஏற்ற தரம். ஆயில்மேல் பழியில்லை.

ஞாயிறு காலை ஆயிலை வடித்துவிட்டு வலப்பக்க மூடியைக் கழற்றினேன். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். என் வண்டியில் நடு நட்டைத் தொடாமலே பிளேட்டுகளை உருவிவிடலாம். உராய்வு பிளேட் புதிதில் 3 மிமீ, 2.8-க்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறது கையேடு. ஐந்தில் மூன்று 2.6 காட்டின. மேற்பரப்பு தேய்த்த சிலேட்டுபோல் பளபளத்தது. உராய்வு பிளேட்டுகளுக்கு இடையிடையே இருக்கும் இரும்புத் தகடுகளில் இரண்டில் மயில்கழுத்து நிறத்தில் சூட்டுத் தழும்பு. கண்ணாடிமேல் வைத்து அழுத்தியபோது ஒன்று ஓரத்தில் லேசாக ஆடியது. ஸ்பிரிங்குகளும் உயரம் குறைந்திருந்தன. எல்லாம் அந்தக் கேபிள் செய்த வேலை. கோடையிலேயே ஒரு நிமிடம் ஒதுக்கித் தளர்வை அளந்திருந்தால் இந்தத் தகடுகள் வெந்திருக்காது; அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிளேட், தகடு, ஸ்பிரிங், மூடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கட் எல்லாம் புதிதாக வாங்கினேன். உராய்வு பிளேட்டுகளை இரவு முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தேன். உலர்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகக்கூடும். அதிக நேரம் பிடித்தது ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதுதான். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் ஆயில் கசியும் என்பதால் ஸ்குரூடிரைவரைத் தொடாமல் பிளாஸ்டிக் துண்டால் பொறுமையாகச் சுரண்டினேன்.

போன ஞாயிறு இருவரும் மறுபடி ஏற்காடு போனோம். ஏழாவது வளைவில் இரண்டாவது கியரில் திருகினேன். வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது. வாடை ஏதுமில்லை. வீடு திரும்பியதும் தளர்வை அளந்தேன்: 12 மிமீ.