இரண்டு லிட்டருக்குள் 421 குதிரைத்திறன்

மெர்சிடிஸ்-ஏஎம்ஜி நிறுவனம் 2019இல் ஏ45 எஸ் காருக்காகக் கொண்டுவந்த எம்139 எஞ்சின், 1,991 சிசி கொள்ளளவில் 421 குதிரைத்திறன் தருகிறது. லிட்டருக்கு 211 குதிரைத்திறன் என்ற எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் குதிரைத்திறன் என்பது டார்க்கையும் (எஞ்சின் தண்டைத் திருப்பும் விசை) சுழற்சி வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. வேகத்தைக் கூட்டியே அதை உயர்த்திவிடலாம். எஞ்சினின் உள்ளுறுப்புகள் எவ்வளவு பாடுபடுகின்றன என்று அறிய வேண்டுமானால், டார்க்கைக் கொள்ளளவால் வகுத்து, ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, பிஸ்டனைக் கீழே தள்ளும் சராசரிப் பயனழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். டர்போ (வெளியேறும் புகையால் டர்பைன் சுழன்று, அதனுடன் இணைந்த கம்ப்ரஸர் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) இல்லாத ஃபெராரி 458 இட்டாலியாவின் 4.5 லிட்டர் வி8 எஞ்சின் 9,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 9,000 சுழற்சி) 570 குதிரைத்திறன் தரக்கூடியது. அதன் உச்ச டார்க் 540 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 15 பார் வருகிறது (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). எம்139இன் 500 நியூட்டன் மீட்டருக்கு அதே கணக்கைப் போட்டால் 31 பாரைத் தாண்டுகிறது. ஃபெராரியின் பிஸ்டன் தாங்குவதைப்போல் இரு மடங்கைத் தாங்குவது, அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லத்தக்க ஒரு ஹேட்ச்பேக்கின் பிஸ்டன்.

இந்த அழுத்தத்தை உண்டாக்குவது பெரிய வித்தையன்று. டர்போவைப் பெரிதாக்கி 2.1 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுத்தால் காற்று உள்ளே போய்விடும். அதனுடன் சேர்ந்து வரும் வெப்பத்தை என்ன செய்வது என்பதில்தான் வேலையே இருக்கிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடுவதைப்போல, கம்ப்ரஸரில் அழுத்தப்பட்ட காற்றும் கொதிக்கிறது. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூட்டில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். மிச்சச் சூடு சிலிண்டருக்குள் போனால், தீப்பொறி பற்றவைத்த சுடர் பரவி முடிப்பதற்குள் மூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. நாக்கிங் என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த அழுத்தத்தில் அது தொடர்ந்தால் பிஸ்டன் உடைந்துபோகும்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1962இல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்கக் கார் 3.5 லிட்டர் வி8 எஞ்சினில் டர்போவைப் பொருத்தி வந்தபோது, அதன் அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 10.25ஆக இருந்தது. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து காற்றுப்பாதையில் பீய்ச்சினார்கள். தொட்டியை நிரப்ப உரிமையாளர்கள் மறந்தார்கள்; பின்னர் நிறுவனமே டர்போவைக் கழற்றிக் கொடுக்கும் நிலை வந்தது. இன்று அந்தத் திரவத்தின் வேலையை ஓரளவுக்குப் பெட்ரோலே செய்கிறது. எம்139இல் பைசோ இன்ஜெக்டர்கள் (மின்னழுத்தத்தால் மிக வேகமாகத் திறந்து மூடும் தெளிப்பான்கள்) 200 பார் வரையிலான அழுத்தத்தில் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கின்றன. அது ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உச்ச வேகத்தில் இது மட்டும் போதாமல், காற்றுப்பாதையில் இரண்டாவது இன்ஜெக்டர் வரிசையும் வைத்திருக்கிறார்கள். அழுத்த விகிதத்தை 9.0க்கு இறக்கியிருக்கிறார்கள். சிலிண்டர் ஹெட்டைக் குளிர்விக்க ஒரு பம்பும், கீழே உள்ள பிளாக்கைக் குளிர்விக்க மின்சாரத்தில் இயங்கும் இன்னொரு பம்பும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) குறைந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் விரட்டினால், நாக் சென்சாரின் எச்சரிக்கையைக் கேட்டு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும்; வலு குறையும். 421 என்ற எண் விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கும். ஏ45 எஸ் 2021இல் இந்தியாவுக்கும் வந்தது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

வெளியேறும் புகையின் பக்கம் வந்தால், டொயோட்டா ஜிஆர் யாரிஸின் ஜி16இ-ஜிடிஎஸ் எஞ்சினை விட்டுவிட்டுப் பேச முடியாது. மூன்று சிலிண்டர், 1,618 சிசி; 2020இல் ஜப்பானில் 272 குதிரைத்திறனுடன் வந்து, 2024இல் 304ஆக உயர்ந்தது. செலவைக் குறைக்கத்தான் மூன்று சிலிண்டர் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மைக் காரணம் அதைவிட அழகானது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 180 பாகை திரும்புவதற்கு ஒருமுறை ஏதாவது ஒரு சிலிண்டர் புகையை வெளியேற்றத் தொடங்குகிறது. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும் காலம் 180 பாகையைவிட நீளமானது. ஆகவே ஒரு சிலிண்டர் தன் கடைசிப் புகையை அமைதியாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த சிலிண்டரின் வால்வு திறந்து, அங்கிருந்து வரும் அழுத்த அலை பாதையில் மோதி முதல் சிலிண்டருக்குள்ளேயே புகையைத் திருப்பித் தள்ளுகிறது. உள்ளே தங்கும் சூடான புகை, நாக்கிங்கை வாசல் திறந்து அழைக்கிறது. இதற்காகத்தான் எம்139 போன்ற எஞ்சின்களில் 1, 4ஆம் சிலிண்டர்களுக்கு ஒரு குழாயும் 2, 3ஆம் சிலிண்டர்களுக்கு ஒரு குழாயுமாகப் பிரித்து, ட்வின் ஸ்க்ரோல் (இரு நுழைவழிகள் கொண்ட) டர்போவில் தனித்தனி வழியாகச் சேர்க்கிறார்கள். மூன்று சிலிண்டரில் இந்த இடைவெளி 240 பாகை. அலைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. ஒரே வழியுள்ள எளிய டர்போவே போதும், குழாய்களும் குறுகியவை. பிரச்சினையைத் தீர்ப்பதைவிட, பிரச்சினையே எழாத வடிவத்தைத் தேர்ந்தெடுத்த டொயோட்டாவின் பொறியாளர்களுக்கே என் ஓட்டு.

ஏஎம்ஜி செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அதற்கு முந்தைய எம்133 எஞ்சினின் முதிர்ந்த வடிவம் 2,250 ஆர்பிஎம்மிலேயே 475 நியூட்டன் மீட்டர் உச்ச டார்க்கை எட்டி, 5,000 வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் இது சிறப்பு. ஓட்டும்போது, முதலில் ஓர் உதை, பிறகு எஞ்சினை மேலே விரட்டுவதில் பயனில்லை என்ற உணர்வு. எம்139இல் உச்ச டார்க்கை வேண்டுமென்றே 5,000க்கும் 5,250க்கும் இடையில் தள்ளி வைத்தார்கள். குறைந்த வேகத்தில் கிடைக்கக்கூடிய டார்க்கைச் சற்று அடக்கி வைத்து, முள் ஏற ஏற வலு கூடும்படி செய்ததால், டர்போ இல்லாத எஞ்சினின் சுபாவம் அதற்கு வந்துவிட்டது.

இதே எஞ்சினைத்தான் 2022இல் சி63 எஸ் காருக்குக் கொண்டுபோனார்கள். டர்பைனுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே ஒரு சிறு மின்மோட்டாரைப் பொருத்தி, புகை வந்து சேரும்வரை காத்திருக்காமல் டர்போவைச் சுழல வைத்தார்கள். எஞ்சின் மட்டும் 476 குதிரைத்திறன், பின் அச்சின் மின்மோட்டாருடன் சேர்த்து 680. பொறியியலாக அது உச்சம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து காரின் எடை 2,100 கிலோவைத் தாண்டியது. நான்கு லிட்டர் வி8இன் உறுமலுக்காகவே அந்தக் காரை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் சாதனையால் ஆன பயன் ஒன்றுமில்லை. 160 கிலோ மட்டுமே எடையுள்ள எஞ்சினை முன் சக்கரங்களின் மேல் வைப்பதன் லாபம் முழுவதும் இலேசான காரில்தான் கைக்கு வரும். 304 குதிரைத்திறன் போதும், 1,280 கிலோ யாரிஸின் சாவியைக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்பேன்.