பெரிய கிராணியின் காது

மலேசியாவில் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலை செய்தவர்களிடம் 'பெரிய கிராணி', அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, என்று சொன்னால் உடனே ஓர் உருவம் வந்து நிற்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, எதிரே நிற்கிற ஆளை நிமிர்ந்து பார்க்காமலே பேசுகிற குரல். எண்பதுகளில் நான் சின்ன கிராணியாகச் சேர்ந்த தோட்டத்தின் பெரிய கிராணிக்குச் சட்டையும் பேனாவும் மட்டும்தான் பொருந்தின. போன மாதம் அவர் தவறிவிட்டார். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "தங்கமான மனுசன், யாரையும் அதட்டி ஒரு வார்த்தை பேசினதில்ல."

உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், மனிதர் சும்மா நல்லவராக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார் என்றாகிவிடுகிறது. அவருக்குக் கீழே வேலை பழகியவன் என்ற முறையில் எனக்கு அதில் சம்மதம் இல்லை.

ஆபீசில் அவர் மேசைமேல் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். மலேசிய அரசாங்கத்தின் தமிழ் வானொலிக்கு, மின்னல் எப்.எம். என்று பெயர் மாறுவதற்கு முன்னால், வானொலி ஆறு என்று பெயர். அது மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டே இருக்கும். சம்பளக் கணக்கு போடுகிற நாட்களில் மட்டும் அணைத்துவிடுவார். "தம்பி, கூட்டல் முடியறவரைக்கும் பாட்டு கெடயாது" என்பார். யாராவது குறை சொல்ல வந்து நின்றாலும் கை தானாக ரேடியோப் பக்கம் போகும். வந்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு கேள்வி கேட்கமாட்டார். எனக்கு அப்போது அது பெரிய இம்சை. இரண்டு நிமிட விஷயத்துக்கு அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

ஒருமுறை ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள் நாலைந்து பேர், அந்தப் பால் அளவில் தங்களுக்குக் குறைகிறது என்று வந்தார்கள். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வாளியில் கொண்டுவரும் பாலின் எடையை அப்படியே கணக்கில் ஏற்றமாட்டார்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர், ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். மழை, இலையுதிர் காலம், மரத்தின் வயது எல்லாவற்றுக்கும் ஏற்ப அது கூடும் குறையும். அதனால் கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, அதை வைத்துத்தான் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று எழுதுவார்கள். கோடு கொஞ்சம் தவறினால் கூலியும் தவறும்.

மறுநாள் அவரே பால் ஸ்டோருக்கு வந்துவிட்டார். பெரிய கிராணி அந்த அம்மோனியா நாற்றத்துக்குள் வந்து நிற்பது வழக்கமில்லை. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. குவளையில் மேலே நின்ற நுரையை விரலால் வழித்து எறிந்தார். குனிந்து, கண்ணை மிதவையின் மட்டத்துக்குக் கொண்டுபோய், அது ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இன்னொரு வாளி, அப்புறம் இன்னொன்று. அளந்துகொண்டிருந்த ஆள் நின்றவாக்கில் நுரையோடு பார்த்து எழுதிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே புரிந்தது. அவனைத் திட்டவில்லை. "நொர எறங்கட்டும்யா, பால் எங்க ஓடிடப் போவுது" என்றதோடு சரி.

அதற்குப் பிறகு மானேஜர் அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார் என்று தெரியாது. உள்ளே இருந்து சத்தம் கேட்டது, அது அவருடைய சத்தம் இல்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் விட்டுப்போன பணம் சேர்ந்து வந்தது. அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு வரவில்லை. இரண்டையும் நான் முடிச்சுப் போடுகிறேன், அவர் கடைசிவரை போடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் தோட்டத்துக் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பார். ஆர்மோனியத்தைக் கைலியில் சுற்றி ஹோண்டா கப் மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். புறநீர்மைக்குப் பூபாளம், கௌசிகத்துக்குப் பைரவி, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி என்று தேவாரத்தின் பண்ணையும் அதற்கு இணையான ராகத்தையும் சேர்த்துச் சொல்லித் தருவார். அந்தப் பெட்டியில் கமகம் என்கிற குழைவு பேசாது, கட்டை கட்டையாகத்தான் நிற்கும். அகில இந்திய வானொலி 1940-லிருந்து முப்பது வருஷம் அதை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்ததைச் சொல்லிச் சிரிப்பார். "டெல்லிக்காரன் வேணாம்னு தள்ளுன பெட்டி, இங்க பகாவ்ல சோறு தின்னுது." குழைவு வரவேண்டிய இடத்தில் பெட்டியை நிறுத்திவிட்டுத் தானே பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். ஈரக்காற்றில் உள்ளே இருக்கிற பித்தளை ரீடு களிம்பேறாமல் இருக்க அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டில் ஆர்மோனியத்துக்கு 'அப்பாவோட நாலாவது புள்ள' என்று பெயர். மற்ற மூன்றையும் நீலாம்பரி பாடித் தூங்க வைத்தது அவர்தான் என்று அவர் மனைவி சொல்வார். தனக்குப் பாட வராது என்பதைப் பெருமையாகச் சொல்கிற அம்மா அவர்.

அவர் காது எனக்கு ஆச்சரியமாக இருந்தது கோயிலில் அல்ல, தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமநிதிப் படிவங்களில்தான். ஊழியர் சேமநிதி வாரியம் 1951-லேயே வந்துவிட்டது. ஆனால் கைநாட்டு வைக்கிற ஆட்களின் பெயரை அந்தந்தக் காலத்துக் கிராணிகள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். ஒரே ஆளுக்குச் சேமநிதியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொன்று. சிலருக்கு அட்டையே சிவப்பு, அதாவது குடியுரிமை இல்லை. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட்டுக்கு அலைந்த காலத்தில் அவர் சின்ன கிராணி. அந்த அலைச்சலைக் கூட இருந்து பார்த்தவர். 55 வயதில் பணம் எடுக்க வந்து, எழுத்து ஒத்துப்போகாமல் திரும்பிப்போன பாட்டிகளை உட்காரவைத்து, "பேரச் சொல்லுங்கம்மா, மெதுவா" என்பார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அந்தப் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பழைய பேரேடுகளைப் புரட்டுவார். கிடைத்ததும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுக்கப் பகாவுக்கு அவரே கூட்டிப்போவார். அந்தப் பணத்தில் கட்டிய வீடுகள் இன்றைக்கும் இங்கே இருக்கின்றன.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. இதற்கெல்லாம் அவர் பெரிதாக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பகாவில் ஒரு தாமானுக்கு, வீடமைப்புப் பகுதிக்கு, குடிபோனார். ஆட்கள் அங்கேயும் தேடி வந்தார்கள். சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்கிறார்கள், சரி. காலமெல்லாம் உளி பிடித்து ரேகை தேய்ந்துபோன கட்டைவிரலை இயந்திரம் ஏற்காதபோது ஒரு மனிதர்தானே கூட வர வேண்டியிருக்கிறது?

பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தி முடிந்த பிறகு ஒரு பழைய பால்வெட்டுக்கார அம்மா தயங்கித் தயங்கி பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மூத்த மகள் வாங்கிப் படித்தாள். செத்துப்போன கணவரின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். திங்கட்கிழமை சிரம்பான் டவுனுக்குப் போக வேண்டும், "மாமா, உங்க கார்ல போயிடலாமா?" என்று என்னைக் கேட்டாள்.