கிர்கிஸ்தானில் கருத்துச் சுதந்திரம்: அரசமைப்பும் சுற்றுவழிகளும்

கிர்கிஸ்தானின் இப்போதைய அரசமைப்பு, 2021 ஏப்ரலில் நடந்த பொது வாக்கெடுப்பின் வழியே வந்தது. நாட்டில் தணிக்கைக்கு இடமில்லை என்று அதன் 10ஆவது பிரிவு கூறுகிறது. கருத்தை வெளியிடும் உரிமையையும் பேச்சு, பத்திரிகைச் சுதந்திரத்தையும் 32ஆவது பிரிவு அனைவருக்கும் உறுதிசெய்கிறது. இதற்கு முந்தைய 2010ஆம் ஆண்டு அரசமைப்போ, ஒருவருடைய மானத்துக்கும் மதிப்புக்கும் இழுக்கு உண்டாக்கும் செய்தியைப் பரப்பியதற்காக எவர்மீதும் குற்றவழக்குத் தொடரக் கூடாது என்றே விதித்திருந்தது. மத்திய ஆசியாவில் இவ்வளவு துணிவான ஒரு விதி எழுதப்பட்டதை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால், பேச்சைப் பேச்சு என்று பெயர் சொல்லித் தண்டித்தால்தான் இப்படிப்பட்ட பிரிவுகள் நேரடியாகக் குறுக்கே நிற்கும். தலைநகர் பிஷ்கேக்கில் அரசு பெரும்பாலும் வேறு வழிகளில் வந்தது. பொய்த் தகவலுக்கு எதிராக 2021 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம், நீதிமன்றத்தை அணுகாமலேயே ஓர் இணையதளத்தை இரண்டு மாதம் முடக்கும் அதிகாரத்தைப் பண்பாட்டு அமைச்சகத்துக்கு அளித்தது. தஜிகிஸ்தான் எல்லை மோதலைப் பற்றிய ஒரு காணொளிக்காக 2022 அக்டோபரில், சுதந்திர ஐரோப்பா வானொலியின் கிர்கிஸ் சேவையான அசாட்டிக் வானொலியின் தளம் இந்தச் சட்டத்தின்கீழ்தான் முடக்கப்பட்டது. அதன் வங்கிக் கணக்கும் முடக்கப்பட்டது. காணொளி நீக்கப்பட்ட பிறகே, 2023 ஜூலையில், தளம் மீண்டது.

ஊழலைத் துருவி ஆராய்ந்து எழுதிய க்ளூப் செய்தி நிறுவனத்தின் மீதான வழக்கு இன்னும் கவலையளிப்பது. அதன் அமைப்பு விதிகளில் ஊடகப் பணி குறிப்பிடப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் ஒரு வாதம். 2024 பிப்ரவரியில் அதைக் கலைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. புலனாய்வுச் செய்தியாளர் போலோட் டெமிரோவ் போதைப்பொருள் வழக்கில் விடுவிக்கப்பட்டும், கடவுச்சீட்டு தொடர்பான வழக்கைக் காரணம் காட்டி 2022 நவம்பரில் மாஸ்கோவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவருடைய மனைவியும் செய்தியாளருமான மகபத் தஜிபெக் கிசிக்கு, கலவரத்தைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில் 2024 அக்டோபரில் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2022இல் 72ஆம் இடத்தில் இருந்த நாடு, 2025இல் 144ஆம் இடத்துக்கு இறங்கியது.

ஆகவே, ஒரு நாட்டின் உரிமைப் பிரிவைப் படிக்கும்போது, ஒரு தளத்தை மூடவோ ஒரு கணக்கை முடக்கவோ அங்கே யாருடைய கையொப்பம் போதும் என்பதையே நான் முதலில் தேடுகிறேன். முடக்கத்துக்கு முன்பே நீதிபதியின் ஆணை வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தால், அந்தக் காணொளி பொய் என்பதை அரசு முதலில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்திருக்கும்; அதுவரை அசாட்டிக்கின் தளம் வாசகர்களுக்குத் திறந்தே இருந்திருக்கும்.