சுக்கும் மிளகும் சண்டை போடவில்லை, அக்கா

சாயங்காலம் ஆறு மணியானால் எங்கள் கூடத்தில் உறுமலும் கீச்சலுமாக ஒரே ரகளை. "ஏம்மா, ஒண்ணை ஒண்ணு கொன்னுடப் போகுது, பிரிச்சு விடு!" என்று மாடி வீட்டு அக்கா படியில் நின்றபடியே கத்துவார். சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று அவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

சுக்கு, மிளகு இரண்டும் தெருவில் ஒரே ஈற்றில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிகள். மூன்று மாதம் ஆகிறது. சுக்கு கொழுகொழுவென்று இருப்பாள், மிளகு நோஞ்சான். ஆனால் கூர்ந்து பார்த்தால் விஷயம் புரியும். மிளகு முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டுவான். அதுதான் அழைப்பு. சுக்கு பாய்ந்து அமுக்குவாள். கொஞ்ச நேரத்தில் அவளே மல்லாந்து விழுந்து தன் தொண்டையை அவனுக்குக் கொடுப்பாள். இரண்டின் வாயும் திறந்தே இருக்கும், உடம்பு துவண்டு துவண்டு ஆடும். இப்படி இருக்கும்வரை எவ்வளவு உறுமினாலும் நான் காய் நறுக்குவதை நிறுத்துவதில்லை.

உடம்பு விறைத்து, வாய் மூடி, பார்வை ஒரே இடத்தில் குத்தி நின்றால்தான் எழுவேன். அப்போது சத்தமே இருக்காது.

ரெண்டுங்கெட்டானாகத் தோன்றினால் ஒரு சோதனை உண்டு. மேலே ஏறியிருப்பவளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். கீழே கிடந்தவன் எழுந்து, உடம்பை உதறி, திரும்ப வந்து அவள் காதையே இழுத்தால் சரி, ஆட்டம் தொடரட்டும். கட்டிலுக்கு அடியில் நழுவிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நிஜமாகப் பிரிக்க வேண்டியிருந்தால் கையை நடுவில் விடாதீர்கள். நான் முறத்தைக் குறுக்கே வைப்பேன். பாற்பல் 28ம் ஊசி மாதிரி. நம் தோலில் பட்டு ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும். குட்டிதானே என்று இருக்கக் கூடாது.

அதற்காக விளையாட்டையே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அழுத்திக் கடித்தால் மற்றது 'வீல்' என்று கத்திவிட்டு ஆட்டத்தை விட்டு விலகிவிடுகிறது. எவ்வளவு கடிக்கலாம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொள்கின்றன. நாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாலும் வராத பாடம்.

இன்னொன்று, தூக்கம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கும். எங்கள் வீட்டு ஆறு மணி வெறியாட்டத்தில் பாதி, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் எழுப்பிவிடுவதால் வருவது. ஒன்றைச் சமையலறை மூலையில் சாக்கின் மேலும் மற்றதைப் பின்னறையிலும் விட்டுக் கதவைச் சாத்தினால், கொஞ்சம் முனகிவிட்டு இரண்டும் சுருண்டுவிடும். ஒன்றில்லாமல் ஒன்று இருக்கப் பழகுவதும் நல்லதுதான்.

சாப்பாட்டுத் தட்டும் தனித்தனி இடத்தில்தான். நிஜச் சண்டை என்று எங்கள் வீட்டில் வந்தது, மாமனார் நடுவில் போட்ட ஒற்றை பிஸ்கட்டால். இப்போது அவர் வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று நடந்து நடந்து கொடுக்கிறார். டாக்டர் சொல்லியும் போகாத வாக்கிங்.