பேகன் ஊரில் ஒரு தரிசனம்

பழனியில் படியேறுகிறவர்கள் வழியில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போவார்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் அவன். சுமந்தவனுக்கு முதல் கும்பிடு என்ற இந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த பிறகு அம்மாவோடு போயிருந்தேன். விஞ்ச் வேண்டாம், நடந்தே ஏறலாம் என்றார் அம்மா. ஒரு பெண் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே போனார். கற்பூரம் அணையும்வரை அடுத்த படிக்குப் போகவில்லை.

என் பையில் புறநானூறு இருந்தது. சங்க காலத்தில் பொதினி என்று பாடப்பட்ட இந்த ஊர் வையாவிக் கோப்பெரும் பேகனுடையது. மயிலுக்குப் போர்வை தந்தவன் என்று பள்ளியில் படித்திருப்போம். பாடம் அதோடு நின்றுவிடும். ஆனால் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகளைப் படித்தால் வேறொரு பேகன் தெரிகிறான். மனைவி கண்ணகியைத் துறந்துவிட்டான். (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல, இவள் வேறு.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காகப் பாடினார்கள். பசித்து வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர், அதுவே நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார் பரணர். வள்ளலின் முகத்துக்கு நேரே இப்படிக் கேட்டதும் நம் மரபுதான். போர்வையை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பது போதாது.

மேலே ஆண்டிக் கோலத்தில் தரிசனம் கிடைத்தது. பழம் தனக்குக் கிடைக்காத கோபத்தில் குன்றேறி நின்ற பிள்ளை அல்லவா? அவனிடம் நியாயம் கேட்பதில் தப்பில்லை. தாழ்த்தப்பட்டவர்களும் கோயிலுக்குள் போய்க் கும்பிடலாம் என்பதற்குச் சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் சட்டம் போட வேண்டியிருந்தது. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகப் படிக்க அரசு தொடங்கிய ஆறு பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று பழனியில்தான் இருக்கிறது. அப்படிப் படித்தவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில் பணி நியமனம் கிடைத்தது. அதற்குள் எத்தனை வருடக் காத்திருப்பு! சன்னதியில் எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. மந்திரம் கற்றவர்கள் எந்தக் கருவறையிலும் தடையில்லாமல் பூசை செய்யட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் கீழே வந்து திருஆவினன்குடியில் மயில்மேல் அமர்ந்த குழந்தை வேலனையும் கும்பிட்டோம். மண்டபத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பரணரின் அந்த 145-ஆம் பாட்டைப் பொருளோடு வாசித்தேன்.

“கடைசியில் அவன் போனானா இல்லையா?”

“பாட்டில் அது இல்லைம்மா.”

“சரி, மற்ற மூணு பேரும் என்ன சொன்னாங்க? அதையும் படி.”

143-இல், கபிலரிலிருந்து தொடங்கினேன்.