எடை கூடாத மூச்சிரைப்பு

ஜனவரி 9

அப்பா இன்று மாடிப்படியில் ஏழாவது படியிலேயே நின்றுவிட்டார். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூச்சு வாங்கினால் உடம்பில் நீர் கோத்திருக்கும் என்றுதான் மனம் முதலில் போகிறது. ஆனால் காலையில் பார்த்த எடையில் மாற்றமில்லை. கணுக்காலை விரலால் அழுத்தியபோது குழி விழவில்லை. இரவில் ஒற்றைத் தலையணையில்தான் படுத்திருந்தார். நீர் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கக் கை பரபரத்தாலும், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 11

எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைத் திறக்கும் முன் மருத்துவர் அப்பாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடந்தது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.6 கிராம். ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வீட்டுக்கு வந்து பழைய கோப்பைப் புரட்டினால், எட்டு மாதங்களுக்கு முன்பே 11.8 என்று அச்சாகியிருக்கிறது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை, நான் உட்பட. எல்லோருடைய கண்ணும் எக்கோ காட்டிய 35 சதவீதத்திலேயே, அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கிலேயே இருந்தது.

ஜனவரி 12

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும் என்பதால், 15 கிராம் உள்ளவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் இருக்கும். அப்பாவுக்கு 13 மில்லிலிட்டர்கூட இல்லை. நல்ல இதயமென்றால் வேகமாகவும் அதிகமாகவும் ரத்தத்தை இறைத்து அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். அப்பாவின் இதயத்துக்கோ அந்தத் தெம்புதான் இல்லை. போதாததற்கு, இதயத்தசை ஓய்வில் இருக்கும்போதே தனக்கு வரும் ரத்தத்திலிருந்து பெரும்பங்கு ஆக்சிஜனை எடுத்துவிடுவதால், கூடுதலாக எடுப்பதற்கும் அதிகம் மிஞ்சுவதில்லை.

ஜனவரி 16

உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 64, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 14 சதவீதம். ஆய்வகத் தாளில் ஃபெரிட்டினுக்கு நேரே ‘இயல்பு’ என்றே இருந்தது. இதய நோயாளிகளின் உடம்பில் ஓயாமல் இருக்கும் அழற்சி ஃபெரிட்டினைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், அவர்களுக்கு 100க்குக் கீழே இருந்தாலும், 100 முதல் 299 வரை இருந்து செறிவு 20 சதவீதத்துக்குக் குறைந்தாலும், இரும்புச்சத்துக் குறைபாடாகவே கொள்கிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருப்பவர்களுக்கும் இந்தக் குறைபாடு வரலாம், அதனாலேயே அவர்கள் தளர்ந்தும் போகலாம் என்றார் மருத்துவர். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதால் வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்யவும் எழுதினார்.

ஜனவரி 19

அப்பாவுக்கு இரும்பை ஊசி வழியாக ஏற்றப்போகிறார்கள் என்றதும், “மாத்திரை போதாதா, எதற்கு ஊசி?” என்று அத்தை தொலைபேசியில் கேட்டார். அழற்சியின்போது கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடுகிறது. 2017இல் வெளியான ஆய்வொன்றில் 16 வாரம் மாத்திரை கொடுத்தும் நோயாளிகளின் உடலுழைப்புத் திறன் கூடவில்லை. டிரிப்ஸாக ஏற்றும் இரும்பு களைப்பைக் குறைத்து நடையை மேம்படுத்துகிறது. உயிரிழப்பைக் குறைக்கும் என்று மட்டும் யாரும் உறுதி சொல்லவில்லை. ஹீமோகுளோபின் அளவை உயர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை: சிவப்பணுவைப் பெருக்கும் டார்பெபோயிட்டின் ஊசியைச் சோதித்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் ஹீமோகுளோபின் ஏறியது, மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை, ரத்தக்குழாய்களில் உறைகட்டிகள் கூடின.

மார்ச் 2

எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்ததால் அதற்கும் மருந்து தொடங்கினார்கள். இரண்டு முறை இரும்பு ஏற்றியாயிற்று. ஹீமோகுளோபின் 11.2, எக்கோ அதே 35தான். மாலையில் பதினோராவது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற அப்பா, கீழேயிருந்து நான் எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “எண்ணாதேம்மா, மேலே வந்து கூப்பிடுகிறேன்” என்றார்.